ஒன்பதாம் துளை

அந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. எங்கள் பாலத்தோப்பில் யாரும் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை. வெள்ளை வேனில் அது வந்து இறங்கிய அன்றே மெக்கானிக் ஏழுமலை அதற்கு ஜோசியர் என்று பெயர் வைத்துவிட்டார். ஒரு பிடி மண்ணைக் கொடுத்தால், அந்த மண்ணுக்குள் எண்ணெய் வந்து சேர்ந்த வருடம், மாதம், தேதி எல்லாம் அது சொல்லும். எங்கிருந்து வந்த எண்ணெய் என்றும் சொல்லும்.

"என் ஜாதகத்த குட்த்தா இன்னா சொல்லும்?" என்று ஏழுமலை கேட்டார்.

"மண்ண குடுங்க மாமா. மனுசன குடுத்தா சொல்லாது," என்றாள் ரெஜினா.

"அதான பாத்தேன். அப்ப பாதி ஜோசியர்தான்."

ரெஜினாதான் அந்த வேனோடு வந்த ஆய்வாளர். எங்கள் மூன்றாம் சந்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் அம்மா பிலோமினா என் சிநேகிதி. பிலோமினா இறந்து பதினைந்து வருடமாகிறது. என் கணவர் தணிகாசலம் அவளுக்கு ஒரு வருடம் முன்னால் போனார். இருவருக்கும் ஒரே நோய், ரத்தத்தில். அந்த நோயில் மூன்றாம் சந்திலிருந்து மட்டும் பதினொரு பேர் போயிருக்கிறார்கள்.

ரெஜினா முதல் நாளே என் வீட்டுக்கு வந்தாள். டீ குடித்துக்கொண்டே அந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னாள்.

"மண்ணுல எண்ணெய தின்னு வாழுற கிருமி இருக்கு ஆன்ட்டி. எண்ணெய் இல்லாதப்போ தூங்கும். வந்த உடனே முழிச்சிக்கும், தின்னும், பெருகும். ஒவ்வொரு தலைமுறையும் உடம்புக்குள்ள ஒரு முடிச்சு போட்டு வச்சிக்கும். நான் அந்த முடிச்ச எண்ணுறேன். அவ்ளோதான்."

"எண்ணெய் தீந்துபோனா?"

"பட்டினி. அதுக்கு வேற மாதிரி முடிச்சு."

அவள் பையிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். அட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் நான் எழுதியது.

"அன்னிக்கு வேலை பாத்த டீம்ல இப்ப இருக்கறது நீங்க மட்டுந்தான். அதான் வந்தேன்," என்றாள்.

*

அந்தக் காலத்தில் நானும் தணிகாசலமும் ஒரு சின்ன மண் ஆய்வுக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் துளை போடுகிறவர். துளையிலிருந்து வருகிற மண்ணைப் பார்த்து, எத்தனை அடியில் என்ன நிறம், என்ன வாசனை, மணலா களிமண்ணா என்று எழுதுவது என் வேலை. அந்தத் தாளுக்கு லாக் என்று பெயர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காகவே முதலாளி என்னை வைத்திருந்தார்.

பாலத்தோப்பில் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை வருகிறது என்று புகார். மதிலுக்கு அந்தப் பக்கம் எண்ணெய்க் கிடங்கு. அதன் குழாய் எங்கேயோ ஒழுகிக்கொண்டிருந்தது. எண்ணெய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க எங்களை அனுப்பினார்கள். ஒன்பது துளை போட வேண்டும்.

பாலத்தோப்புக்குக் கீழே மேல் மணல் நாற்பதடி. அதற்கடியில் எட்டடிக் களிமண். அதற்கும் கீழே இன்னொரு மணல். மேல் மணலில் எண்ணெய் நாறியது. களிமண் மூடிபோல் நடுவில் கிடந்ததால் கீழ் மணலின் தண்ணீர் சுத்தமாக இருந்தது. எட்டுத் துளைகளைக் களிமண்ணைத் தொட்டதும் நிறுத்திவிட்டோம். ஒன்பதாவதை மட்டும், களிமண்ணின் கனம் தெரிய வேண்டும் என்பதற்காக, அடி வரை ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால் இடத்தைவிட்டு நகர்வதற்குள் அடைத்துவிட வேண்டும். பென்டோனைட் என்று ஒரு களிமண் குண்டு உண்டு. தண்ணீரில் ஊறிப் பருத்துத் துளையை இறுக்கிக்கொள்ளும். அதைப் போடாமல் போனால், மேலே இருக்கிற எண்ணெய்க்கு நாமே படிக்கட்டு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஒன்பதாம் துளைக்கு டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இடம் குறித்திருந்தோம். ஜூன் ஒன்பதாம் தேதி காலையில் போனபோது அங்கே ஷாமியானா கட்டியிருந்தார்கள். பால்காரர் முனிரத்தினம் விடியற்காலை இறந்துபோயிருந்தார். சங்கு ஊதிக்கொண்டிருந்த இடத்தில் மெஷினை ஓட்ட முடியுமா? முப்பதடி தள்ளி, ரேஷன் கடை வாசலில் போட்டோம்.

மூன்றரை மணிக்குக் களிமண்ணைத் தாண்டிக் கீழ் மணல் வந்தது. பென்டோனைட் மூட்டை கம்பெனி வண்டியில் வர வேண்டும். வண்டி வரவில்லை. பறைச் சத்தம் கிளம்பிவிட்டது. நாலைந்து பெரியவர்கள் எங்களிடம் வந்தார்கள்.

"இன்னா தணிகாசலம், பொணம் வர்ற வழியில குழிய தொறந்து வச்சிருக்க?"

"ஒரு மணி நேரம் குடுங்க நைனா. மண்ணு வண்டி வருது."

"பொணத்த ஒரு மணி நேரம் நிக்க வைப்பியா? வாயத் தொறந்துகினு இருக்கற குழிய தாண்டிப் பொணம் போவக் கூடாது. அது இன்னொண்ணு கேக்கும்."

எங்களை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கை கூப்பித்தான் கேட்டார்கள். தணிகாசலம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். குழாயை உருவிவிட்டு, வந்த மணலையே உள்ளே தள்ளி, மேலே ஒரு கல்லைப் போட்டு மூடினோம். ஊர்வலம் அதன்மேல் பூவைத் தூவிக்கொண்டு போயிற்று.

மறுநாள் மூட்டையோடு போனால் மூன்றாம் சந்து முழுக்க சிமென்ட் ரோடு. மூன்று வருடமாக வராத கான்ட்ராக்டர் அன்று காலையில் வந்திருக்கிறான். ஈரம் காயாத ரோட்டைச் சுற்றிக் கயிறு கட்டிக் குழந்தைகளைக் காவல் போட்டிருந்தார்கள்.

"இத உடைக்கறேன்னு சொன்னா என்னைப் பொதைச்சிடுவாங்க மரகதம். அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் தணிகாசலம்.

லாக் அன்று மாலைக்குள் போக வேண்டும். நான் எழுதினேன். 'துளை எண் ஒன்பது. பென்டோனைட் இட்டு அடைக்கப்பட்டது.' வரைபடம் ஏற்கெனவே அச்சாகியிருந்ததால் இடத்தையும் மாற்றவில்லை. டிரான்ஸ்பார்மர் அருகில் என்றே விட்டுவிட்டேன்.

எங்கள் அறிக்கையை வைத்துக் கீழ் மணலில் ஒரு கைபம்ப் போட்டார்கள். வாடையில்லாத தண்ணீர். அந்தப் பம்ப்புக்குத் தணிகாசலம் பம்ப் என்றே பெயர் வந்துவிட்டது. அந்த மரியாதையில் மயங்கி நாங்களும் மூன்றாம் சந்துக்கே குடிவந்தோம்.

*

ஜோசியர் வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் கூட்டம். மண்ணில் எண்ணெய் சேர்த்தவர்களின் பட்டியலை ரெஜினா படித்தாள்.

முதலில் கிடங்கின் குழாய். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது ஏழுமலையின் பட்டறை. பதினேழு வருடமாகக் கழிவு எண்ணெயைப் பின்பக்கம் ஊற்றியது. கைதட்டல் நின்றது. பிறகு மாவு மில். பிறகு, கரையானுக்காகக் கதவில் கழிவு எண்ணெய் பூசிய ஆறு வீடுகள். கடைசியில் கஸ்தூரி. சாக்கடையில் கொசுவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றியவள், தேதியோடு.

"என் புள்ளைக்கு டெங்கு வந்துச்சுனு ஊத்தினேன்மா! அதுக்கா என் பேரு?" என்று கஸ்தூரி அழுதாள்.

"கால் லிட்டர்கூட இல்ல கஸ்தூரி அக்கா. ஆனா சட்டப்படி எல்லாம் படிக்கணும்."

"இவ ஊத்துன எண்ணெயிலதான் எங்க அண்ணன் செத்தான்," என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள். அவள் கஸ்தூரியின் சம்பந்தி. அதோடு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது. கிடங்கைப் பிடிக்க வேண்டும் என்று நாங்கள் மனுப் போட்டு வரவழைத்த இயந்திரம் அது. எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கிடங்கின் வக்கீல் அமைதியாக எழுந்தார். "எங்க குழாய் ஒழுகினது உண்மை. மறுக்கல. ஆனா அது மேல் மணல்லதான் நின்னுச்சு. நீங்க குடிச்சது கீழ் மணல் தண்ணி. நடுவுல எட்டடி களிமண். கீழ போக வழி பண்ணது யாரு? வழி திறந்தவர் பேரும் பட்டியல்ல வரணும்னு புதுச் சட்டம் சொல்லுது."

ரெஜினா காகிதத்தைத் திருப்பினாள்.

"நாள் தெரிஞ்சிடுச்சு. முதல் சொட்டு களிமண்ணைத் தாண்டிக் கீழ இறங்கினது ஜூன் ஒன்பது. இல்லன்னா பத்து. இருபத்தோரு வருசம் முன்ன. ஆனா எந்த எடம்னு தெரியல. பம்ப் அடிச்சு அடிச்சு கீழ் மணல் தண்ணி நாலாப் பக்கமும் கலந்து போச்சு. லாக்ல ஒன்பதாம் துளை டிரான்ஸ்பார்மர்கிட்டன்னு இருக்கு. அங்க தோண்டிப் பாத்தேன். களிமண்ணுல ஒரு கீறல்கூட இல்ல." அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "வழி இன்னும் திறந்திருந்தா, மேல இருக்கற எண்ணெய் இன்னிக்கும் இறங்குது. கீழ் மணல் தண்ணி மெதுவா கிழக்க போவுது. அங்க நாலாயிரம் வீட்டுக் குடியிருப்பு. எல்லாரும் போர் தண்ணிதான் குடிக்கறாங்க. யாருக்காவது எதாவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க."

ஏழுமலை எழுந்தார். தன் பெயர் வாசிக்கப்பட்டதிலிருந்து தலையைக் குனிந்தபடி இருந்தவர். "நம்ம தணிகா அண்ணன் இருந்திருந்தா டக்குனு சொல்லியிருப்பாரு. மண்ண மோந்து பாத்தே சொல்ற மனுசன்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மரியாதையோடுதான் பார்த்தார்கள்.

ரெஜினா கேட்டாள். "ஆன்ட்டி, அன்னிக்கு இந்தச் சந்துல என்ன நடந்துச்சு?"

"பால்காரர் முனிரத்தினம் செத்தாரு," என்றேன். உண்மைதான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

*

அந்த ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சொன்னால் தணிகாசலம் என்கிற பெயருக்கு என்ன ஆகும் என்று யோசித்தேன். யாரும் அவர் படத்தைச் சாமிக்குப் பக்கத்தில் மாட்டவில்லைதான். ஆனாலும் பம்ப்பைக் கழற்றிப் பல வருடமான பிறகும் 'தணிகாசலம் பம்ப் பக்கத்துல' என்றுதான் ஆட்டோக்காரனுக்கு வழி சொல்கிறார்கள். அவர் இல்லாத வீட்டில் எனக்கு மிச்சமிருந்தது அந்தப் பெயர்தான். சொல்லாமல் விட்டால் நாலாயிரம் வீடு. நாள் ஜோசியருக்குத் தெரிந்துவிட்டது. இடம் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை காலை வேனுக்குப் போனேன். ரெஜினா மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பறை, ஷாமியானா, வராத மூட்டை, ரோடு, நான் எழுதிய வரி.

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"உங்க கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு ஆன்ட்டி. டிரான்ஸ்பார்மர்கிட்ட மூணு வாரம் தோண்டினேன். மெஷின் தப்பு சொல்லுதோன்னு நெனச்சேனே தவிர, அந்த எழுத்து தப்பு சொல்லும்னு தோணல."

"உங்க அம்மா..."

"அம்மா பேச்சு வேணாம்." கையைத் துடைத்துக்கொண்டாள். "எடம் எங்க?"

நடந்து போய் ரேஷன் கடை வாசலில், மூன்றாவது தூணுக்கு நேராக நின்றேன். "இங்க."

செவ்வாய்க்கிழமை தோண்டினார்கள். சந்தே கூடிவிட்டது. விஷயம் அதற்குள் பரவியிருந்தது. என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. கஸ்தூரி மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள்.

ரோட்டை உடைத்து இரண்டடி போனதும் கடப்பாரை டங்கென்றது.

"மேடம், கீழ காங்கிரீட் கீது," என்றான் தோண்டுகிற ஆள்.

"ரோடு காங்கிரீட்டா?"

"இல்ல மேடம். இது தனி. தொப்பி மாதிரி போட்டுகீறாங்க. நல்ல கெட்டி."

அதன் நடுவில் துளைத்துப் பார்த்தார்கள். கீழே நாற்பதடி, களிமண் மட்டம், அதற்கும் கீழே, ஒரே சீராக சிமென்ட் பால் இறங்கி இறுகியிருந்தது. ஒன்பதாம் துளை அடைக்கப்பட்டிருந்தது. அவசரத்தில் யாரோ செய்த வேலையில்லை அது. அடி வரை குழாய் இறக்கி, கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்படி அடைக்கத் தெரிந்த ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

ரெஜினா பக்கத்து மண்ணை எடுத்துக்கொண்டு வேனுக்குள் போனாள். அரை மணி நேரம் கழித்து வந்தாள்.

"இங்க கிருமிங்க பட்டினியான நாள் மார்ச் பதினொண்ணு. பதினேழு வருசம் முன்ன. அதுக்கப்புறம் ஒரு சொட்டுகூட கீழ போகல."

மார்ச் மாதம். சந்தில் கேபிள்காரர்கள் ரோட்டை வெட்டிய சமயம். தணிகாசலம் இரண்டு நாள் அவர்களோடேயே நின்றார், பழைய கைத்துளைப்பானையும் எடுத்துக்கொண்டு. யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. தணிகா அண்ணன் மண்ணை மோந்து பார்க்கிறார் என்று விட்டுவிட்டார்கள். விரலெல்லாம் சிமென்ட் அரித்துப் புண்ணாகி வீட்டுக்கு வந்தார். "ஊர்ல எவன் பள்ளம் தோண்டினாலும் நீங்க எட்டிப் பாக்கணுமா?" என்று திட்டிக்கொண்டே தேங்காயெண்ணெய் தடவினேன். "கேபிள்காரனுக்கு கைகுடுத்தேன் மரகதம்," என்று சொல்லிச் சிரித்தார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ரோட்டை உடைத்து அடைக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னால், லாக்கில் அடைத்தாயிற்று என்று எழுதியவள் யார் என்ற கேள்வி வரும். அதனால் என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவர் பெயருக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்த வருடங்களில், அவர் எனக்காக மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போது காங்கிரீட் தொப்பியை உடைத்துக்கொண்டிருந்தவன் கத்தினான். "மேடம், உள்ள கம்பிக்குப் பதிலா இன்னாவோ போட்டுகீறாங்க!"

மூன்று இரும்புப் பிடிகள். நீளமாக, முனை வளைந்து, துரு ஏறி. கைபம்ப்பின் பிடிகள்.

எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ரோடு வெட்டுவதற்கு முந்தின வருடம், தணிகாசலம் பம்ப்பின் பிடி மூன்று தடவை திருடு போயிற்று. ஒவ்வொரு தடவையும் புதுப் பிடி போட்டோம். மூன்றாம் தடவை பிலோமினா பம்ப்படியில் நின்றுகொண்டு, "திருடுனவன் கை அழுகிப் போவ!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். தணிகாசலம் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். "பலிக்கட்டும் தங்கச்சி," என்றார்.

அதன் பிறகு ஏழுமலைதான் நாலாவது பிடியைக் காசு வாங்காமல் பற்றவைத்துக் கொடுத்தார். "இனி எவனாச்சும் கழட்டட்டும் பாக்கலாம்!" யாரும் கழற்றவில்லை. இன்னும் எட்டு வருடம் அந்தப் பம்ப் ஓடியது.

ஏழுமலை அப்படியே ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பற்றவைத்ததற்கு ஜோசியரின் பட்டியலில் இடமில்லை.

"மோந்து பாத்து கண்டுபிடிச்சிருக்காரு," என்றாள் ரெஜினா, பிடியில் ஒட்டியிருந்த சிமென்டைச் சுரண்டிக்கொண்டே. "நமக்கெல்லாம் வாடை தெரியாத அளவு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. குடிக்காதீங்கன்னு சொல்ல முடியல, பிடியக் கழட்டியிருக்காரு." என் பக்கம் திரும்பினாள். "முதல் பிடி எப்ப திருடு போச்சு ஆன்ட்டி?"

"ஆடி மாசம்."

ஏன் உடனே வந்தது அந்த மாதம் என் வாயில்? சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஆடியில்தான் எங்கள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வர ஆரம்பித்தது. "உனக்குப் பல்லு கூசுது, பம்ப் தண்ணில இரும்பு ஜாஸ்தி. நீ இத குடி," என்று எனக்கு மட்டும் தனியாக எடுத்து வைப்பார். அவர் கடைசி வரை பம்ப் தண்ணீரையே குடித்தார். ஒரே வீட்டில் இரண்டு பேருமாக நிறுத்தினால் சந்து கேட்கும். நான் மட்டும் என்றால் அது பெண்டாட்டி மேல் வைத்த செல்லம். அப்படித்தான் சந்தும் எடுத்துக்கொண்டது. பிலோமினா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்று சிரிப்பாள். கேலிதான், பொறாமையில்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ரெஜினா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அவளும் பக்கத்தில் இன்னொரு குடத்தோடு நின்றிருப்பாள்.

"எங்கம்மா உங்கள மகாராணின்னு கூப்புடும்ல?" என்றாள்.

"ஆமா."

"கேன் தண்ணி மகாராணி."

"ஆமா ரெஜி."

அவள் பிடியைக் கீழே வைத்தாள். தன் பதிவேட்டைத் திறந்து, 'வழி' என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவை வைத்தாள். இன்னும் எழுதவில்லை.

"யார் பேரு போடட்டும்?"

"துளை போட்டது ரெண்டு பேர். அடைச்சதா எழுதினது நான். அடைச்சது அவர். அந்த வரிசையிலேயே எழுது," என்றேன். "அந்த ஆடி மாசத்தையும் எழுது. கேன் தண்ணியையும்."

"அதுக்கு இதுல எடம் இல்ல ஆன்ட்டி."

பேனாவை என்னிடம் நீட்டினாள். கடைசித் தாளைக் கிழித்துக் கொடுத்தாள். கஸ்தூரி போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தாளில் எழுத ஆரம்பித்தேன். அது போதவில்லை. மிச்சத்தை வீட்டுக்கு வந்து எழுதி முடித்தேன். இந்த முறை இடத்தைச் சரியாகக் குறித்திருக்கிறேன்.